பத்து நிமிட இடைவெளி: லண்டனில் ஆறு பேரைச் சாய்த்த மருந்துச் சோதனை

2006 மார்ச் 13, திங்கட்கிழமை காலை 8 மணி. லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஹாரோ பகுதியில் நார்த்விக் பார்க் என்ற அரசு மருத்துவமனை இருக்கிறது. அதன் வளாகத்துக்குள்ளேயே இடம் எடுத்து, பாரெக்ஸல் என்ற நிறுவனம் ஒரு மருந்துச் சோதனைப் பிரிவை நடத்திவந்தது. அங்கே எட்டு இளைஞர்கள் கட்டிலில் இருக்கிறார்கள். வயது 19-லிருந்து 34-க்குள். யாருக்கும் எந்த நோயும் இல்லை. நோய் இல்லாததுதான் அங்கே நுழையத் தகுதி. ஆளுக்கு 2,000 பவுண்டு என்று பேச்சு.

முதல் ஆளின் நரம்பில் மருந்து ஏறுகிறது. மூன்றிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது ஆள். இன்னொரு பத்து நிமிடத்தில் அடுத்தவர். எட்டுப் பேரில் ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு மருந்தில்லாத வெற்றுத் திரவம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்தின் பெயர் டிஜிஎன்1412. மனித உடம்புக்குள் அது போனது அன்றுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரம் சுமாராகப் போயிருக்கும். தலைவலி ஆரம்பித்தது. அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலி, குமட்டல், வயிற்றுப்போக்கு. தோல் சிவந்து உடம்பு கொதித்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. ஊசி போட்டு 90 நிமிடத்துக்குள் ஆறு பேரும் இந்த நிலைக்கு வந்துவிட்டார்கள். வெற்றுத் திரவம் போன இரண்டு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்ததை அவர்களில் ஒருவர் பிறகு பத்திரிகைகளிடம் விவரித்தார். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று என்ற ரகசியக் குறிப்பைத் தேடிப் பிரித்துப் பார்க்கவேண்டிய அவசியமே அன்று இருந்திருக்காது.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குரங்குகளில் ஆரம்பித்துக் குரங்குகளில் முடிப்பார்கள்: குரங்கில் பாதுகாப்பாக இருந்த மருந்து மனிதனில் விஷமாகிவிட்டது, யாருக்குத்தான் தெரியும், என்று. அந்தப் பகுதி உண்மைதான், அதற்கும் வருவேன். ஆனால் இந்த ஆவணங்களைப் படிக்கும்போதெல்லாம் என் கண் போய் நிற்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஒரு சின்னக் கணக்கு. எட்டுப் பேருக்கு வரிசையாகப் பத்து நிமிட இடைவெளி என்றால், முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் நடுவே 70 நிமிடம். தலைவலி தொடங்கியது ஊசி போட்ட 50-லிருந்து 90 நிமிடத்துக்குள். அதாவது, முதல் ஆள் நெற்றியைப் பிடிக்கும் நேரத்தில் வரிசை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அந்த ஒரு சோற்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பதற்குள் பந்தியில் எல்லா இலைக்கும் பரிமாறியாகிவிட்டது.

எதற்கான மருந்து

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹூனிக் என்ற நோய் எதிர்ப்பியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் பிறந்த யோசனை இது. அதை மருந்தாக்க அதே ஊரில் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனம் டெஜெனெரோ. மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது போரிங்கர் இங்கல்ஹைம்.

நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சண்டைக்கு இறங்க இரண்டு அனுமதி வேண்டும். பேங்க் லாக்கர் மாதிரி. ஒரு சாவி மேனேஜரிடம், இன்னொன்று நம்மிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். முதல் சாவி, கிருமியின் துண்டை அடையாளம் காணும் ஏற்பி. இரண்டாவது, செல்லின் மேல் இருக்கும் சிடி28 என்ற புரதம். ஒரு சாவி மட்டும் கிடைத்தால் டி செல் பெரும்பாலும் அசையாது. உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்திருக்கும் பூட்டு இது.

டிஜிஎன்1412 ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஓர் இலக்கைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் புரதம். அது சிடி28-இல் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிடித்து இழுத்தால், முதல் சாவி இல்லாமலேயே கதவு திறந்துவிடும். இந்த வகைக்கு சூப்பர் அகோனிஸ்ட், அதாவது அளவுக்கு மீறித் தூண்டுவது, என்று பெயர் வைத்தார்கள். கேட்டதுமே பயம் வரவேண்டிய பெயர்தான், ஆனால் எலிகளில் நடந்தது வேறு. எலிக்கென்று செய்த இதேபோன்ற ஆன்டிபாடியைக் கொடுத்தபோது, தாக்கும் செல்களைவிட அடக்கும் டி செல்கள் நன்றாகப் பெருகின. வீக்கம் அடங்கியது. அதனால் முடக்குவாதம் போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய்களுக்கு இது மருந்தாகும் என்ற நம்பிக்கை வந்தது. ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் குறைந்துபோன டி செல்களை மீட்கலாம் என்பது இன்னொரு எதிர்பார்ப்பு. இரண்டும் நியாயமான எதிர்பார்ப்புகள்தான்.

டோஸ் வந்த வழி

புதிய மருந்தை முதல் மனிதனுக்கு எவ்வளவு கொடுப்பது? அந்தக் காலத்து வழக்கம் இது. விலங்குக்குக் கொடுத்துப் பார்த்து, தீங்கு எதுவும் தெரியாத உச்ச அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பின் பரப்பளவை வைத்து அதை மனித அளவுக்கு மாற்ற வேண்டும். பிறகு பாதுகாப்புக்காக ஒரு பத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

டெஜெனெரோ இதைச் செய்தது. நீள்வால் மக்காக் குரங்குகளுக்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம், வாரம் ஒரு தடவை, நான்கு வாரம். குரங்குகள் தாங்கிக்கொண்டன. 50-ஐ மனித அளவுக்கு மாற்றினால் கிலோவுக்கு 16. பத்தால் வகுத்தால் 1.6. விதிப்படி அதிலேயே தொடங்கியிருக்கலாம். அவர்கள் இன்னும் இறங்கி 0.1-க்கு வந்தார்கள். குரங்குக்குக் கொடுத்ததில் கிலோ கணக்கில் ஐந்நூறில் ஒரு பங்கு. 70 கிலோ ஆளுக்கு மொத்தமே 7 மில்லிகிராம். ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த குழுவுக்கு 0.5, அப்புறம் 2, கடைசியில் 5 என்று படிப்படியாக ஏறுவது திட்டம்.

இந்தக் கணக்கைத் தனியாக எடுத்து யாரிடம் காட்டினாலும் நிறைய இடம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். கட்டுப்பாட்டு அமைப்பும் நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுத்துத்தான் சோதனை நடந்தது. அங்கே யாரும் விதியை ஏமாற்றவில்லை. அதுதான் இந்த நிகழ்வைப் படிக்கத் தகுந்ததாக ஆக்குகிறது. மோசடி செய்து மாட்டிக்கொண்ட கதையில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

கோளாறு, கேட்ட கேள்வியில் இருந்தது. எவ்வளவு கொடுத்தால் விலங்குக்குத் தீங்கு வராது என்று கேட்டார்கள். சிறுநீரகத்தையோ கல்லீரலையோ மெல்லக் கெடுக்கக்கூடிய சாதாரண மாத்திரைக்கு அது சரியான கேள்வி. டி செல்லின் பூட்டைத் திறக்கவென்றே செய்த பொருளுக்கு வேறு கேள்வி வேண்டும்: எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலே இது வேலை செய்யத் தொடங்கும்? பின்னால் விசாரணைக் குழு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்ற அந்த ‘சின்ன’ டோஸ், உடம்பில் இருக்கும் சிடி28 இடங்களில் சுமார் 90 சதவீதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வாசலிலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு நடுவீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இரவு

வார்டில் முதலில் கொடுத்தவை நாம் அலர்ஜிக்கும் காய்ச்சலுக்கும் கேள்விப்படும் மருந்துகள்தான். ஹைட்ரோகார்ட்டிசோன், குளோர்பெனிரமின், பாரசிட்டமால், வாந்திக்கு ஒண்டான்செட்ரான். அது அலர்ஜி இல்லை. நிலைமை மணிக்கு மணி மோசமாகி, 12-லிருந்து 16 மணி நேரத்துக்குள் ஆறு பேரும் உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு வந்தார்கள். நுரையீரலில் நீர் கோர்த்தது, சிறுநீரகம் நின்றுபோனது, ரத்தம் உறையும் ஒழுங்கு குலைந்தது. 24 மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்போசைட்டுகளை (டி செல்களும் சேர்ந்த வெள்ளணு வகை) தேடவேண்டிய நிலை.

உடம்புக்குள் நடந்தது என்ன என்று இப்போது தமிழில் சொல்வது சுலபம். கொரோனா காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்ற சொல் தினசரிகள் வழியாக வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. டி செல்கள் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு, ஒன்றையொன்று கூப்பிடும் ரசாயனச் செய்திகளை அளவில்லாமல் கொட்டின. முதலில் டிஎன்எஃப், பின்னாலேயே இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூகின் வகைகள் என்று எல்லாம் எகிறின. ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிய ஆரம்பித்தன. மற்ற சைட்டோகைன் புயல்களில் கிருமி இருக்கும், காயம் இருக்கும், பழைய நோய் இருக்கும். எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். இங்கே கிருமியும் இல்லை, நோயும் இல்லை. ஆரோக்கியமான உடம்பு, ஒரே ஒரு பொருள், தொடங்கிய நிமிடம் வரை தெரியும். மருத்துவ வரலாற்றில் இப்படி ‘சுத்தமான’ புயலை யாரும் அதுவரை பதிவு செய்திருக்கவில்லை. அந்த ஆறு பேருக்கு இதனால் ஒரு ஆறுதலும் இல்லை, ஆனால் பின்னால் வந்த பல ஆராய்ச்சிகளுக்கு அந்த ஆவணம் அடிப்படையானது.

அவர்களைக் காப்பாற்றியது ஓர் இடவசதி. சோதனைப் பிரிவு அரசு மருத்துவமனைக் கட்டிடத்திலேயே இருந்தது. ஐசியூவுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் தூரம். ஆம்புலன்ஸ், போக்குவரத்து, வேறு ஊர் என்று எதுவும் குறுக்கே வரவில்லை. ஆனாலும் ஒரே ராத்திரியில் ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரி உறுப்புச் செயலிழப்பு, காரணமோ உலகத்தில் யாருமே முன்பு பார்த்திராத பொருள். எந்த ஐசியூவும் திணறும். அங்கிருந்த மருத்துவர்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தாங்கு கொடுத்தார்கள், டயாலிசிஸ் செய்தார்கள். புயலை அடக்க மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுத்தார்கள். அதோடு, டி செல்களைத் தூண்டும் ஒரு சமிக்ஞையை மறிக்கும் இன்னொரு ஆன்டிபாடியையும் ஏற்றினார்கள். ஆன்டிபாடியால் வந்த வினைக்கு ஆன்டிபாடியே கைகொடுத்தது.

இந்தச் சிகிச்சை விவரங்களை அதே ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அந்த மருத்துவர்கள் வெளியிட்டார்கள். கட்டுரையின் முதல் பெயர் கணேஷ் சுந்தரலிங்கம். தமிழ்க் கண்ணுக்கு அந்தப் பெயர் பட்டென்று தெரியும். நான் அந்தக் கட்டுரையைத் திறந்து படித்ததற்கு, சொல்லப்போனால், அதுவும் ஒரு காரணம்.

ஆறு பேரும் பிழைத்தார்கள். நான்கு பேர் ஓரளவு சீக்கிரம் தேறினார்கள். இரண்டு பேருக்கு அதிர்ச்சி நிலையும் மூச்சுத் திணறலும் நீடித்தன; ஒருவருக்கு 8 நாள், இன்னொருவருக்கு 16 நாள் உறுப்புகளுக்குத் தாங்கு தேவைப்பட்டது. கடைசியாகத் தேறியவருக்கு ரத்த ஓட்டம் இல்லாமல் கைவிரல் நுனிகளும் கால்விரல்களும் கருகிப்போய், அவற்றை இழக்க வேண்டிவந்தது. வெளியே பிரிட்டிஷ் பத்திரிகைகள் வீங்கிய முகங்களைப் பற்றி ‘யானை மனிதன்’ என்று தலைப்புப் போட்டுக்கொண்டிருந்தன. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

யார் மேல் தப்பு

முதலில் எழுந்த சந்தேகங்கள் எல்லாம் மனிதத் தவறைச் சுற்றியே. பாட்டிலில் ஏதாவது கலந்துவிட்டதா? மில்லியையும் மைக்ரோவையும் குழப்பிவிட்டார்களா? வேறு பாட்டிலைக் கொடுத்துவிட்டார்களா? பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ சோதனையை உடனே நிறுத்தி, தயாரிப்பிலிருந்து ஊசிவரை தோண்டியது. ஏப்ரலில் இடைக்கால அறிக்கை, மே மாதம் இறுதி அறிக்கை. காகித வேலைகளில் சில ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மருந்து சரியான மருந்து, அளவு சரியான அளவு, கொடுத்த முறை திட்டத்தில் எழுதியிருந்த முறை. கடைசியில் அவர்கள் வந்து நின்ற இடம்: மனித உடம்பில் இந்த மருந்து, யாரும் எதிர்பாராத உயிரியல் விளைவைக் காட்டிவிட்டது.

அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு. இவ்வளவு பெரிய புயலை எதிர்பார்க்கவில்லை என்றால் சரி. சைட்டோகைன் வெளியேறும் என்ற வாய்ப்பே யாருக்கும் தோன்றியிருக்காது என்றால் அது நம்பும்படி இல்லை. டி செல்களைப் பிடிக்கும் ஆன்டிபாடி முதல் டோஸிலேயே ஆளை உலுக்கும் என்பது 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். சிறுநீரக மாற்று சிகிச்சைக்காக 1986-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஓகேடி3 என்ற ஆன்டிபாடியை ஏற்றிய வார்டுகளில் நடுக்கமும் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வழக்கமான காட்சி. அந்த அனுபவம் இருந்த துறையில், அதே டி செல்லை இன்னும் பலமாக உசுப்பும் பொருளை, பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று ஏற்றியிருக்கிறார்கள்.

ஏன் பத்து நிமிடம்? வார்டு நடத்துகிறவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியாமல் இல்லை. மருந்து ஏற்றியபின் குறித்த நேரங்களில் ரத்தம் எடுக்க வேண்டும். எட்டுப் பேரையும் ஒரே காலையில் வரிசையாக முடித்தால் நர்ஸ்களின் ஷிப்ட்டுக்கும் ஆய்வகத்துக்கும் வசதி. உடனடி அலர்ஜி வருவதாக இருந்தால் அது சில நிமிடங்களில் தெரிந்துவிடும், அதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் இந்த மருந்திடம் பயப்படவேண்டியது அலர்ஜிக்கு இல்லை. டி செல் விழித்து, புரதம் தயாரித்து, வெளியே கொட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். கடிகாரத்தை வார்டின் வசதிக்கு வைத்தார்கள், மருந்தின் வேகத்துக்கு வைக்கவில்லை. முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருந்திருந்தால் ஐசியூவில் ஒரு கட்டில் மட்டுமே நிரம்பியிருக்கும். அந்த ஒருவருக்கும் மருத்துவர்களின் முழுக் கவனம் கிடைத்திருக்கும்.

குரங்கு ஏன் பேசாமல் இருந்தது

இப்போது குரங்குக்கு வருவோம். மக்காக் குரங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. அதன் சிடி28-இன் வெளிப்பகுதி மனிதனுடையதைப் போலவே இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து. பூட்டு ஒன்றுதான் என்றால் சாவியும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும் இல்லையா?

விடை கிடைக்க நான்கு ஆண்டு ஆனது. லண்டனுக்கு வடக்கே சவுத் மிம்ஸ் என்ற ஊரில் உயிரியல் மருந்துகளின் தரத்தைப் பார்க்கும் பிரிட்டிஷ் தேசிய ஆய்வகம் ஒன்று உண்டு. அங்கிருந்தவர்கள் 2010-இல் வெளியிட்டது இதுதான்: ஒரு தடவை கிருமியோடு சண்டை போட்டுப் பழகிய, நினைவு வைத்திருக்கும் டி செல்களில் ஒரு வகை உண்டு. கூப்பிட்டதும் முதலில் பாய்வது அதுதான். மனிதனில் அந்த வகைச் செல்லின் மேல் சிடி28 இருக்கிறது. மக்காக்கில், அந்த வகைக்கு மாறும்போது செல் சிடி28-ஐக் கழற்றிப் போட்டுவிடுகிறது. பூட்டு ஒரே மாதிரிதான், ஆனால் குரங்கு வீட்டில் ஆபத்தான அறைக்குப் பூட்டே இல்லை. பதம் பார்த்தது சோறுதான். வேறு பானைச் சோறு.

எலி விஷயத்தில் விளக்கம் இன்னும் சாதாரணம். ஆய்வக எலி சுத்தமான கூண்டில் வளர்கிறது; சளியோ தொற்றோ அவ்வளவாகப் பார்த்திருக்காது. சண்டை பழகிய நினைவுச் செல்கள் அதற்குக் குறைவு, அடக்கும் செல்களின் கை ஓங்கியிருக்கிறது. 30 வருடம் பள்ளிக்கூடம், பேருந்து, மழைக்காலம் என்று வாழ்ந்த மனிதனின் ரத்தம் அப்படி இருக்காது.

சரி, குரங்கையும் எலியையும் விடுங்கள், மனித ரத்தத்தில் போட்டுப் பார்த்திருக்கலாமே? பார்த்தார்கள். சோதனைக்குழாயில் மனித ரத்தச் செல்களோடு டிஜிஎன்1412-ஐக் கலந்தால் ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சவுத் மிம்ஸ் ஆய்வகத்தினர் 2007-இல், மருந்தைத் திரவமாகக் கலப்பதற்குப் பதிலாக, பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் ஊற்றிக் காயவைத்தார்கள். அடியில் படிந்து ஒட்டிக்கொண்ட மருந்தின் மேல் ரத்தச் செல்களை விட்டார்கள். புயல் வந்தது. நார்த்விக் பார்க்கில் நடந்ததன் குட்டி நகல் ஒரு தட்டில். மிதக்கும் மருந்து செல்லை ஒன்றும் செய்யவில்லை. எதிலாவது ஊன்றி நின்று இழுத்தால்தான் செல் விழித்துக்கொண்டது.

2011-இல் ஹூனிக்கின் சொந்த ஆய்வகமே இன்னொரு பாதியைக் கண்டுபிடித்தது. ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் இருக்கும் டி செல் பயணத்தில் இருக்கும் செல். அதன் உண்மையான வீடு நிணநீர் முடிச்சு. அங்கே செல்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நெருக்கமாக இருக்கும், அந்த உரசலே அவற்றை அரைத் தயார் நிலையில் வைத்திருக்கும். ரத்தத்துக்கு வந்ததும் அந்தத் தயார் நிலை தணிந்துவிடும். ரத்தச் செல்களை இரண்டு நாள் தட்டில் நெருக்கமாக அடைத்து வைத்துவிட்டுப் பிறகு மருந்தைக் கலந்தார்கள். இந்தத் தடவை காயவைக்கவேண்டிய அவசியம் இல்லாமலே செல்கள் எகிறின.

இரண்டு சோதனைகளுக்கும் தேவைப்பட்டது சாதாரண பிளாஸ்டிக் தட்டும் கொஞ்சம் ரத்தமும். 2006-க்கு முன்னால் யாருக்கும் அப்படிச் செய்துபார்க்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு

பிரிட்டிஷ் அரசு அமைத்த நிபுணர் குழுவுக்கு ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் கார்டன் டஃப் தலைவர். 2006 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் 22 பரிந்துரைகள். ஆபத்து அதிகம் உள்ள மருந்துக்கு, தீங்கு தெரியாத அளவிலிருந்து மட்டும் கணக்குப் போடாதே, விளைவு தொடங்கும் மிகக் குறைந்த அளவிலிருந்தும் போடு, இரண்டில் எது குறைவோ அதை எடு. முதலில் ஒரே ஒருவருக்குக் கொடு, மருந்தின் இயல்புக்கு ஏற்ற நேரம் காத்திரு, அப்புறம் அடுத்தவர். ஐசியூ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெளியே சொல்லாமல் மூடிவைத்த பழைய தோல்விகளை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க வழி செய். 2007-இல் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி என்ற பிரிட்டிஷ் புள்ளியியல் சங்கத்தின் குழுவும் இடைவெளி விஷயத்தைத் தனியாக எடுத்துப் பேசியது. ஐரோப்பிய மருந்து முகமை அதே ஆண்டு, முதல் மனிதச் சோதனைக்கென்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. பரிந்துரைகளில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. இரண்டாவது பரிந்துரையைச் சமையல் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள்.

டெஜெனெரோ தப்பவில்லை. 2006 ஜூலையிலேயே திவால் மனு கொடுத்துவிட்டது. கையில் ஒரே ஒரு பெரிய மருந்தை வைத்திருந்த நிறுவனம், அதுவும் போனபின் நிற்க வழியில்லை. பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுப் பேச்சு அதனால் இன்னும் சிக்கலானது.

மருந்து மட்டும் சாகவில்லை. உரிமை கைமாறி, டிஏபி08 என்ற புதுப் பெயரோடு ரஷ்யாவில் 2011-இல் மறுபடி ஆரோக்கியமானவர்களிடம் சோதனைக்கு வந்தது. தொடங்கிய அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். லண்டன் டோஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 70 கிலோ ஆளுக்கு 7 மில்லிகிராம் போய் 7 மைக்ரோகிராம். மெல்ல மெல்ல கிலோவுக்கு 7 மைக்ரோகிராம் வரை ஏற்றினார்கள். 30 பேர் பங்கெடுத்தார்கள். புயல் வரவில்லை. அந்தக் குறைந்த அளவில், அடக்கும் செல்கள் விழித்து இன்டர்லூகின்-10 என்ற சமாதானச் செய்தியை அனுப்பியது தெரிந்தது. எலிகளில் பார்த்து ஆசைப்பட்ட அதே விளைவு. ஆரம்ப யோசனை முழுப் பொய் இல்லை போலிருக்கிறது. லண்டனில் அதை விட்டுப் பல படி தள்ளி நின்றிருந்தார்கள்.

விதிகள் மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்கலாம் என்றால், ரென் நகரம் குறுக்கே நிற்கிறது. 2016 ஜனவரி, பிரான்ஸ். பியால் என்ற போர்ச்சுகீசிய நிறுவனத்தின் மாத்திரையை பயோட்ரியல் என்ற நிறுவனம் ஆரோக்கியமானவர்களிடம் சோதித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு 1,900 யூரோ. இது டி செல்லைத் தொடும் மருந்து இல்லை, நரம்பு மண்டலத்தில் ஒரு நொதியைத் தடுப்பது. முந்தைய குழுக்கள் குறைந்த டோஸ்களைத் தாண்டி வந்தாகிவிட்டது. இந்தக் குழுவில் ஆறு பேருக்கு தினமும் 50 மில்லிகிராம். ஐந்தாவது நாள், ஜனவரி 10 ஞாயிறு மாலை, ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் ஒரு வாரத்தில் மூளை பாதிக்கப்பட்டு இறந்தார்.

திங்கட்கிழமை காலை, அவருடைய நிலை என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, மீதி ஐந்து பேருக்கும் வழக்கமான நேரத்தில் ஆறாவது டோஸ் கொடுக்கப்பட்டது. அவர்களில் நான்கு பேருக்கு அடுத்தடுத்த நாட்களில் நரம்புக் கோளாறு தெரிந்தது. பிரெஞ்சு அரசின் ஆய்வுக் குழு குறித்த பெரிய குறைகளில் ஒன்று இந்தக் காலை டோஸ். கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தாமதமாகச் சொன்னது இன்னொன்று. மற்றொன்று: உங்களோடு இருந்தவரை நேற்று ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம், நீங்கள் இதைத் தொடரச் சம்மதமா என்று அந்த ஐந்து பேரிடம் யாரும் கேட்கவில்லை.